வழி கேட்காத கார்

பதினோரு வருஷம் காரில் ஊர் ஊராகப் போனவளுக்கு ஒரு ஊருக்கும் வழி தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஜீவமணியைத் தெரிந்தவர்கள் நம்புவார்கள். தூத்துக்குடியில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரப் பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கிற இன்ஸ்பெக்டரம்மா அவள். நாசரேத்துக் குடும்பம். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். வயது நாற்பத்திரண்டு. காலையில் வாடகைக் கார் வாசலில் வந்து நிற்கும். டிரைவர் மாசானம் பின் கதவைத் திறந்து விடுவான். அவள் ஏறி உட்கார்ந்ததும் மடியில் பைலை விரிப்பாள். கார் நின்றதும் தலையைத் தூக்கினால் எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கும். வாசலில் தோரணம் தொங்கும், பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடுவார்கள். இடையில் இருந்த முப்பது நாற்பது மைலும் மாசானத்தின் பொறுப்பு.

அந்தத் தோரணம் எப்படி ஒவ்வொரு தடவையும் வாடாமல் பச்சையாகத் தொங்குகிறது என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. படித்தவள்தான், கெட்டிக்காரிதான். ஆனால் மரியாதை செய்கிறவனைச் சந்தேகப்பட யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை.

எழுபத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் அவள் கண் திறந்தது. திறந்து வைத்தது பத்து வயதுப் பெண் ஒருத்தி.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை விட்டு மேற்கே திரும்பினால் தேரிக்காடு. சிவப்பு மணல் மேடும் பனையும்தான் அங்கே எல்லாம். அதன் ஓரத்தில் ஆவரைவிளை என்று ஒரு ஊர். தேவகனி டீச்சர் அங்கே ஐந்து வகுப்பையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டுக் கூரை பாதி, ஓலைக் கூரை பாதி. ஜீவமணி வாசிக்கச் சொன்னதும் நெற்றியில் தழும்புள்ள ஒரு பெண் எழுந்து நின்று, தட்டுத் தடுமாறாமல் ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். பெயர் அருணாசலவடிவு. அஞ்சாம் வகுப்பு. அடுத்த வருஷம் என்ன செய்வாய் என்று கேட்டதற்கு, "நார் உரிக்கப் போவேன் டீச்சர்" என்றாள். ஆறாம் வகுப்புக்கு ஏழு மைல் மணலில் நடக்க வேண்டும். பெண் பிள்ளையை யார் அனுப்புவார்கள்?

மறுநாள் நடுத்தேரிப் பள்ளிக்கூடம். அதன் தாளாளர் ஆறுமுகநயினார், அந்தக் காட்டுப் பனையில் பாதிக்குச் சொந்தக்காரர். அறுபத்திரண்டு பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்காவது வரிசையில் அதே தழும்பு. பெயர் கேட்டால் வாத்தியார் முந்திக்கொண்டு, "பகவதி" என்றார். ஜீவமணி புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொன்னாள்.

"நேத்தும் இதே பாடத்தத்தான வாசிக்கச் சொன்னிய டீச்சர்" என்றாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கி இங்கன சோறு போடுவாவ. அதான் எங்களையெல்லாம் கூட்டியாந்தாவ" என்றாள்.

ஆறுமுகநயினார் சிரித்தார். சின்னப்பிள்ளை உளறுது என்றார். ஐந்து வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்துக்கு "திருப்திகரம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது ஜீவமணிதான். அந்தத் தேரிப் பக்கத்துக்கு அந்த வருஷம் ஒரே ஒரு ஆறாம் வகுப்புதான் கிடைக்கும். நடுத்தேரிக்கா ஆவரைவிளைக்கா என்று மாசக் கடைசிக்குள் அவள் எழுதி அனுப்ப வேண்டும். தலையை எண்ணினால் நடுத்தேரி. தலையெல்லாம் இரவல் என்று சொல்ல, கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். உளறின பிள்ளையைச் சாட்சிக்கு இழுத்தால் அதன் அப்பனுக்கு ஏற ஒரு பனை மிஞ்சாது.

திரும்பி வரும்போது மாசானத்திடம் கேட்டாள். அவன் மறைக்கக்கூட இல்லை.

"நீங்க வாரது தெரிஞ்சாத்தானம்மா அவியளும் ஒழுங்கா இருப்பாவ? மொத நாளே ஆள் மூலமாச் சொல்லி விட்டுருவேன். எல்லா டிரைவரும் செய்யுததுதான். உங்களுக்கும் நல்லது, அவியளுக்கும் நல்லது."

அவன் குரலில் கள்ளம் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பதினோரு வருஷமாக அவள் ஆய்வு செய்யப் போகவில்லை, விருந்துக்குப் போயிருக்கிறாள்.

வீட்டில் ஒரு கார் இருந்தது. டாக்டராக இருந்த அப்பா ஓட்டிய மோரிஸ் மைனர். சாகும்போது அவர் அதை மகள் பேருக்கு எழுதி வைத்ததை அண்ணன் பொன்னுதுரை இன்னும் சீரணிக்கவில்லை. போன வருஷம் அவள் லைசென்ஸ் வாங்கியிருந்தாள். வாங்கி என்ன? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள், வருவாள். அதற்கும் பொன்னுதுரை முன் சீட்டில் ஏறிக்கொண்டு, தரையில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துத் தன் செருப்பையே தேய்த்துவிட்டார்.

"தேரிக்காட்டுக்கா? தனியாவா?" என்றார் அவர். "ஏளா, கோயில்லேருந்து வீட்டுக்கு வாரதுக்கே நான்தான் திரும்பு திரும்புன்னு சொல்லணும். உனக்கு எந்த ஊரு எந்தத் திசைன்னாவது தெரியுமா?"

தெரியாது. அதை அவரிடம் ஒத்துக்கொள்வதைவிட மணலில் புதைந்து போகலாம் என்று அவளுக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலை, அண்ணன் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே காரைக் கிளப்பிவிட்டாள்.

முதல் ஐந்து மைலும் நரகம். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப்போகிற லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக எதிரே வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் ரோட்டை விட்டு இறங்கி நின்றாள். லாரிக்காரர்கள் தலையை நீட்டி, பொம்பளையா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். உப்பளமெல்லாம் தாண்டி ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் வந்தபோது ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திருச்செந்தூர் தாண்டியதும் வழி தெரியவில்லை. குலசேகரன்பட்டினத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தி, நடுத்தேரிக்கு எப்படிப் போகணும் என்று கேட்டாள்.

அந்தப் பக்கத்தில் வழி கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள். ஆளையே ஏற்றி விடுவார்கள். அதுதான் மரியாதை. அவள் மறுக்கும் முன்பே வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நேராப் போங்கம்மா" என்றார். நேராகப் போனார்கள். அவருடைய மச்சான் வீட்டு வாசலில் ஒரு நிறுத்தம், ரேஷன் கடையில் ஒரு நிறுத்தம், காரில் வந்ததைப் பத்துப் பேர் பார்க்கும்படி கோயில் முக்கில் ஒரு நிறுத்தம். அதற்குள் டீக்கடையில் நின்ற இன்னொருத்தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் போனதை அவள் பார்த்தாள். பார்த்தும் அவளுக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நடுத்தேரியில் அறுபத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் தேதி ஈரம் காயாமல் இருந்தது. ஆறுமுகநயினார் இளநீரைச் சீவிக் கையில் கொடுத்தார். "சொல்லாம கொள்ளாம வந்திட்டியளே அம்மா, தோரணம்கூடக் கட்ட முடியல" என்றார். முன் சீட்டு ஆளும் ஒரு இளநீர் குடித்தார்.

ஜீவமணி இளநீரைத் தொடவில்லை. திரும்பும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள். கோபம் மண்டைக்கு ஏறியிருந்ததால் எதிரே வந்த லாரிகளுக்கு இறங்கி ஒதுங்க மறந்தே போனாள். தூத்துக்குடிக்குள் நுழைந்த பிறகுதான் அது அவளுக்கே தெரிந்தது. லாரிகள்தான் ஒதுங்கிப் போயிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் யோசித்தாள். வழி கேட்பதும் வருகையைத் தண்டோராப் போடுவதும் ஒன்றுதான். கேட்காமல் போக வேண்டும். முன் சீட்டு ஆள் மச்சான் வீடு, ரேஷன் கடை என்று சுற்றிக் கூட்டிப்போன வழியோ அவளுக்கு நினைவில் நிற்கவில்லை. தாலுகா மேப்பை எடுத்துப் பார்த்தாள். தேரி இருக்கிற இடத்தில் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டு, மேப் வரைந்தவன் சாப்பிடப் போய்விட்டான் போலிருக்கிறது. ஒரு பாதையும் இல்லை. பயணப்படி வாங்குவதற்காக எழுதி வைத்த டூர் டைரிகளாவது உதவுமா என்று பெட்டியிலிருந்து எடுத்தாள். எத்தனை மணிக்கு எந்த ஊர், எத்தனை மைல் என்று ஓடுகிற காரிலேயே பென்சிலால் எழுதியது. சர்க்கார் உத்தியோகத்தில் மைல் கணக்கு மட்டும் தப்பாது. திருச்செந்தூரிலிருந்து நடுத்தேரி பதினான்கு மைல்.

அப்போதுதான் தன் கையெழுத்தைப் பார்த்தாள்.

திருச்செந்தூர் தாண்டியும் எழுத்து அச்சடித்தது போல் இருந்தது. அது தார் ரோடு. திருச்செந்தூரிலிருந்து எட்டாவது மைலுக்குப் பக்கத்தில் எழுத்து கோழி கிளறியது போல் ஆகிவிட்டது. அங்கே கார் தார் ரோட்டை விட்டுச் சரளையில் இறங்கியிருக்கிறது. "வெயில் முதுகில் சுடுகிறது" என்று ஒரு வருஷம் எழுதியிருந்தாள். காலை வெயில் முதுகில் என்றால் மேற்கே திரும்பியாயிற்று. கொஞ்ச தூரத்தில் பென்சில் கோடு இரண்டு இடத்தில் மேலே தாவியிருந்தது. இரண்டு சிறு பாலம். அதன்பின் எழுத்து சாய்ந்து படுத்து, அலை அலையாகப் போயிருந்தது. மணல். கடைசியில், ஊர் வருவதற்குச் சற்று முன்னால், ஐந்து வருஷமும் தவறாமல், இரண்டு மூன்று வரி மட்டும் மறுபடி அச்சடித்தது போல் வந்தது. அது என்ன இடம் என்று தெரியவில்லை. கெட்டித் தரை ஏதோ இருக்கிறது. ஐந்து டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஐந்தும் ஒரே இடத்தில் குதித்தன, ஒரே இடத்தில் படுத்தன. பின் சீட்டில் குனிந்தே உட்கார்ந்திருந்தவளுக்குக் கண் பார்க்காத வழியைக் கை எழுதி வைத்திருந்தது. அவள் தனியாக இருந்து சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை மறுபடி புறப்பட்டாள். பொன்னுதுரை சட்டை போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார். நானும் வாரேன் என்றார். டைரிகளை முன் சீட்டில் பரப்பி வைத்திருந்தாள். "இடமில்ல அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திருச்செந்தூரில் மைல் மீட்டரைக் குறித்துக்கொண்டாள். டீக்கடையைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினாள். முன் சீட்டு மனிதர் பெஞ்சிலிருந்து கையைத் தூக்கினார். அவள் முகத்தைத் திருப்பவில்லை. எட்டாவது மைல் வந்தது. வலது பக்கம் ஒரு சரளைப் பாதை. திரும்பினாள். வெயில் முதுகுக்கு வந்தது. முதல் பாலத்தில் கார் தூக்கிப்போட்டது, இரண்டாவதிலும் போட்டது. ஜீவமணி வாய்விட்டு, "ஆமா, நீதான்" என்றாள் ரோட்டைப் பார்த்து.

மணல் ஆரம்பித்த கால் மைலில் கார் மாட்டிக்கொண்டது. மிதிக்க மிதிக்கப் பின் சக்கரம் குழி தோண்டியது. இறங்கிப் பார்த்தாள். சுற்றிலும் பனை, சிவப்பு மணல், காற்றில் ஓலை உரசுகிற சத்தம். ஒரு ஈ காக்கை இல்லை. பயம் வந்தது. அண்ணன் என்ன சொல்வார் என்பதுதான் முதல் பயம், தண்ணீர் கொண்டு வரவில்லையே என்பது இரண்டாவது.

காய்ந்த ஓலை பொறுக்க வந்த ஒரு பெண் பனைகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தாள். தலையில் ஓலைக்கட்டு. அவள் பெயர் சுடலைமாடத்தி என்று பிறகு சொன்னாள்.

"மிதிக்காதிய அக்கா. மிதிச்சா உள்ள உள்ளதான் போவும்" என்றாள். "எங்க போறிய?"

ஜீவமணி ஊர்ப் பெயரை விழுங்கிக்கொண்டாள். "சும்மாத்தான்."

"சும்மா போறதுக்கு நல்ல எடம் பாத்திய" என்று சுடலைமாடத்தி சிரித்தாள். அதற்குமேல் கேட்கவில்லை. ஓலைக்கட்டை இறக்கி அவிழ்த்து, மணலைக் கையால் வாரித் தள்ளி, இரண்டு சக்கரத்துக்கும் அடியில் ஓலையைத் திணித்தாள். ஜீவமணியும் புடவையைச் செருகிக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து மணலைத் தள்ளினாள். "இப்பப் பையப் போங்க. நிக்கப்படாது. நின்னா திரும்பவும் முங்கும்" என்றாள் சுடலைமாடத்தி. கார் ஓலை மேல் ஏறிப் புறப்பட்டது. நின்று நன்றி சொல்லக்கூட முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனாள்.

மேட்டின் உச்சியில் தரை கொஞ்சம் இறுகலாக இருந்தது. நிறுத்தினாள். அங்கிருந்து பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் வண்டித் தடம். போன தடவை முன் சீட்டு ஆள் எந்தப் பக்கமாகக் கூட்டிப்போனார் என்று அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. கீழே ஒரு பனையேறி மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். ஒரு சத்தம் கொடுத்தால் போதும், வந்து சொல்லிவிடுவான். அவனும் ஆறுமுகநயினாரின் பனையில்தான் ஏறுகிறான். ஜீவமணி கூப்பிடவில்லை. டைரியை எடுத்துக் கடைசி வரிகளைப் பார்த்தாள். கெட்டித் தரை. மறுபடி மூன்று பாதையையும் பார்த்தாள். நடுப் பாதை மட்டும் வற்றிக் கிடந்த ஒரு குளத்துக்குள் இறங்கி, வெள்ளை வெளேரென்று வெடித்த களிமண் மேல் போயிற்று. அந்தப் பாதையில் இறக்கினாள்.

பத்தரை மணிக்கு நடுத்தேரிப் பள்ளிக்கூடத்தின் முன்னால் போய் நின்றாள். தோரணம் இல்லை, பாட்டு இல்லை. வாசல் வேம்படியில் ஒன்பது பிள்ளைகள் பனைநார் உரித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, அறுபத்திரண்டு பேர் உட்கார்ந்த இடத்தில், கருப்பட்டிச் சிப்பங்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. எறும்பு சாரை சாரையாகப் போனது. மேசையில் வருகைப் பதிவேடு கிடந்தது. புரட்டினாள். இன்றைக்கு அறுபத்திரண்டு பேரும் வந்திருப்பதாகப் போட்டிருந்தது. நாளைக்கும் போட்டிருந்தது.

ஆறுமுகநயினார் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். வணக்கம் சொல்லவில்லை. முதலில் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு வழி காட்டுனா?"

"யாரும் காட்டல."

"மாசானம் வரலியா? அப்ப யாரு கூட்டியாந்தது?"

"நான்தான் வந்தேன் அண்ணாச்சி" என்றாள்.

அவர் நம்பவில்லை. பின் சீட்டையும் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "அம்மா, நீங்க படிச்சவிய. யோசிக்கணும். அஞ்சு வருஷமா இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட்டது யாரு? நான் முங்குனா நீங்களும் சேந்துதான் முங்குவிய. இன்னிக்கி லீவுன்னு எழுதிருங்க. ரெண்டு பேருக்கும் மானம் மிஞ்சும்."

அவர் சொன்னது நிஜம். பதினோரு வருஷ உத்தியோகம், வீட்டில் அண்ணன் முன்னால் நிமிர்ந்து நிற்பதற்கு அவளுக்கு இருந்த ஒரே ஊன்றுகோல். வேம்படியில் ஒன்பது பிள்ளைகளும் நாரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தன. ஒன்றுக்குக்கூட எழுத்து தெரியாது என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்தாள். சுட்டது. அப்படியே வைத்து எழுதினாள். எழுதி முடித்து, அவருக்கே வாசித்துக் காட்டினாள். இன்று நேரில் கண்டது இது. பதிவேடு பொய். ஆறாம் வகுப்பை ஆவரைவிளைக்குக் கொடுக்கப் பரிந்துரைக்கிறேன். கடந்த ஐந்து வருஷமாக இந்தப் பள்ளியைப் பற்றி நான் எழுதிய ஐந்து அறிக்கைகளும் தவறு. என் வருகையை முன்கூட்டியே அறிந்து ஜோடித்து வைத்த பள்ளியைப் பார்த்துவிட்டு எழுதியவை. அதற்கு நானே பொறுப்பு.

"கடைசி வரிய அடிச்சிருங்கம்மா" என்றார் ஆறுமுகநயினார். நிஜமாகவே அவள்மேல் இரக்கப்பட்ட மாதிரி இருந்தது. "அது உங்கள நீங்களே வெட்டிக்கிடுத மாதிரி."

"அத அடிச்சா மேல உள்ளதையும் எவனும் நம்ப மாட்டான் அண்ணாச்சி" என்றாள். பதிவேட்டை எடுத்துக் காரில் வைத்தாள்.

வைகாசியில் இரண்டு உத்தரவு ஒரே தபாலில் வந்தன. ஜூனிலிருந்து ஆவரைவிளையில் ஆறாம் வகுப்பு. அதற்கு ஒரு வாத்தியார் கூடுதல். இரண்டாவது உத்தரவு ஜீவமணிக்கு. ஐந்து ஆண்டுகள் கவனக்குறைவாக இருந்ததற்காகக் கண்டனம், உடனடியாகத் தர்மபுரிக்கு மாறுதல். தர்மபுரியில் அவளுக்கு ஒரு நாதியும் கிடையாது. மலையும் காடுமாக, பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் இருபது மைல் என்று ஆபீசில் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். அவள் முதல் உத்தரவை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டு, இரண்டையும் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பொன்னுதுரை ரயில் டைம் விசாரித்து வந்தார். காரை இங்கே விட்டுவிட்டுப் போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவள் தன் பாட்டுக்குப் பெட்டியையும் ஸ்டவ்வையும் பின் சீட்டில் ஏற்றினாள். படுக்கையைச் சுருட்டிக் கட்டினாள். மண் பானை நிறையத் தண்ணீர் எடுத்து வைத்தாள். இரண்டு கட்டு பனையோலையும் வைத்தாள். அண்ணன் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்நூறு மைலு. அம்புட்டு தூரத்துக்கு வழி தெரியுமாளா உனக்கு?"

"தெரியாது" என்றாள் ஜீவமணி, காரைக் கிளப்பிக்கொண்டே.